மரமறுக்கும் மெஷின் வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருவமழைக்கு முன்பு கிளை கழிக்கும் வேலை வடசென்னையில் சூடுபிடித்திருக்கிறது. மாதவரம், கொளத்தூர், கொடுங்கையூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் தனி வீடு என்றால் தென்னையோ வேம்போ முருங்கையோ ஒன்றாவது நிற்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் நகரெங்கும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் மரங்கள் விழுந்தன. அப்போது ஆள் கிடைக்காமல் திண்டாடியதை மனதில் வைத்துப் பலர் இப்போது ஐந்தாயிரம், ஆறாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பெட்ரோல் செயின்சா ஒன்றை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

அந்த விலைக்கு மெஷின் செய்யும் வேலை அதிகம்தான். ஆனால் பெட்டியோடு வரும் தாளைப் படித்தால் ஒன்றும் விளங்காது. விற்பவரும் "பெட்ரோல் ஊத்தி இழுங்க, ஓடும்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். முதல் வாரத்திலேயே பிஸ்டன் பிடித்துக்கொள்வதும், தொடையிலும் முழங்காலிலும் செயின் பாய்வதும் பெரும்பாலும் இதனால்தான். வாசகர்களுக்குப் பயன்படும் என்று விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில், இது எந்த வேலைக்கு என்பது. வீட்டுக்காரர் கையில் இருக்கும் செயின்சா, தரையில் கிடக்கும் மரத்தைத் துண்டு போடவும், தரையில் நின்றபடி தோளுக்குக் கீழே எட்டுகிற கிளையை அறுக்கவும்தான். ஏணியிலோ மதில் சுவரிலோ மரத்தின் மேலோ நின்று இதை இயக்கக் கூடாது. கயிறும் பெல்ட்டும் கட்டி ஏறுகிற தொழிலாளிகள் வேறு மாதிரிச் சின்ன மெஷின் வைத்திருப்பார்கள், கீழே கயிறு பிடிக்க ஆள் நிற்பார்கள். அது தனித் தொழில். மேலே உள்ள கிளைக்கு அவர்களைக் கூப்பிடுங்கள். இறக்கிப் போட்டதை அறுக்க உங்கள் மெஷினை எடுங்கள். கூலியில் பாதிக்கு மேல் இந்தத் துண்டு போடும் வேலைக்குத்தான் போகிறது, அதனால் மெஷினுக்குப் போட்ட காசு வீணாகாது.

வாங்கும்போது ஸ்டிக்கரில் உள்ள 52 சிசி, 58 சிசி, 62 சிசி என்ற எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். இந்த வகை மெஷின்களில் பிஸ்டனும் கார்ப்ரேட்டரும் கிளட்ச்சும் ஏறக்குறைய ஒன்றே. பெயரும் நிறமும்தான் மாறும். அதில் ஒரு நன்மையும் உண்டு, உதிரி பாகம் எளிதாகக் கிடைக்கும். பார்க்க வேண்டியது பிளேடு நீளம். 22 இஞ்ச் பிளேடு பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் முன்பாரம் கூடி மணிக்கட்டைச் சோர்வடையச் செய்யும், காம்பவுண்டுக்குள் வைத்து அறுக்கும்போது நுனி சுவரில் இடிக்கும். வீட்டுக்கு 16 அல்லது 18 இஞ்ச் தாராளம். முன்கைப் பிடிக்கு முன்னால் உள்ள கருப்புத் தடுப்பைக் கடையிலேயே முன்னுக்குத் தள்ளிப் பாருங்கள். 'டக்' என்று விழுந்து செயின் கையால் இழுத்தாலும் நகராமல் நின்றால் பிரேக் வேலை செய்கிறது என்று பொருள். பின்னுக்கு இழுத்தால் விடுபட வேண்டும். இது சரியில்லாத மெஷினை இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

பிளேடின் பின்பகுதியில் மூன்று எண்கள் பொறித்திருக்கும்: செயினின் பிட்ச் (இணைப்புகளின் இடைவெளி அளவு), கனம், உள்பல் (பிளேடின் தவாளிப்புக்குள் ஓடும் பல்) எண்ணிக்கை. இந்த வகையில் பெரும்பாலும் பிட்ச் 0.325 இஞ்ச், கனம் 0.058 இஞ்ச் என்று இருக்கும். உள்பல் 18 இஞ்சுக்கு 72, 20 இஞ்சுக்கு 76. இதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "18 இஞ்ச் செயின் குடுங்க" என்று மட்டும் கேட்டு வாங்கி வந்தால் பாதி நேரம் பொருந்தாது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கயிற்றை இழுக்கத் துடிக்காதீர்கள். மெஷினில் உள்ள ஒவ்வொரு திருகையும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். சைலன்சர் போல்ட் இரண்டும், ஏர் ஃபில்டரைக் கழற்றினால் பின்னால் தெரியும் கார்ப்ரேட்டர் நட்டுகள் இரண்டும் முக்கியம். விலை குறைந்த மெஷினில் இவை இறுக்காமலே வருவதுண்டு. கார்ப்ரேட்டர் நட்டு தளர்ந்தால் இடுக்கு வழியாக வெறும் காற்று உள்ளே போகும். காற்று கூடினால் பெட்ரோல் குறையும். இந்த டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலோடு சேர்ந்து வரும் ஆயில்தான் பிஸ்டனுக்கு ஒரே மசகு, ஆகவே ஆயிலும் குறையும். சூடேறிய பிஸ்டன் சைலன்சர் பக்கமாகச் சிராய்த்துப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் கீழே இறங்காமல் கத்திக்கொண்டே இருந்தால் அது காற்று ஒழுகுவதன் அடையாளம். உடனே நிறுத்திவிட வேண்டும். இரண்டு நட்டு இறுக்காததற்கு ஒரு சிலிண்டர் செட்டை விலையாகக் கொடுப்பவர்கள் நிறையப் பேர்.

அடுத்து பிளேடும் செயினும். கூடவே வரும் டி வடிவச் சாவியில் ஒரு முனை 13 மி.மீ., மறுமுனை 19 மி.மீ. சின்னது பக்கவாட்டு மூடியின் நட்டுக்கு, பெரியது ஸ்பார்க் பிளக்குக்கு. மூடியைக் கழற்றும் முன் பிரேக்கை விடுவித்துக்கொள்ள வேண்டும். பிரேக் பட்டை அந்த மூடிக்குள்தான் இருக்கிறது. பிரேக் விழுந்த நிலையில் கழற்றினால் பட்டை சுருங்கிக்கொள்ளும், பிறகு மூடியைத் திரும்ப வைக்கும்போது கிளட்ச் டிரம் உள்ளே போகாது. ஏன் உட்காரவில்லை என்று தெரியாமல் சுத்தியலால் தட்டி மூடியை உடைப்பவர்கள் உண்டு. தட்ட வேண்டாம், தடுப்பை நெம்பிப் பட்டையை விரித்துவிட்டால் தானாக உட்காரும்.

செயினைப் போடும்போது, பிளேடின் மேல்விளிம்பில் உள்ள பல்லின் கூர்முனை நுனியைப் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டுவிட்டு "மெஷின் வெட்டவே இல்லை" என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். டென்ஷன் திருகோடு சேர்ந்த சின்னக் குமிழ், பிளேடில் உள்ள ஓட்டைக்குள் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே நட்டைப் போடுங்கள். நட்டைக் கையால் மட்டும் இறுக்கி, பிளேடு நுனியை மேலே தூக்கிப் பிடித்தபடி டென்ஷன் திருகைத் திருப்பி, நுனியைத் தூக்கிய நிலையிலேயே சாவியால் இறுக்க வேண்டும். அடிப்பக்கத்தில் செயின் தொங்கக் கூடாது. ஆனால் கையுறை போட்ட கையால் இழுத்தால் தடையில்லாமல் ஓட வேண்டும். புதுச் செயின் முதல் சில நிமிடங்களிலேயே நீளும். ஐந்து நிமிடம் அறுத்ததும் நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி இறுக்குங்கள். வேலை முடிந்ததும் கொஞ்சம் தளர்த்தி வைப்பது நல்லது. சூட்டில் நீண்ட செயினை இறுக்கியபடியே வைத்தால் ஆறிச் சுருங்கும்போது கிராங்க் பேரிங்கை இழுக்கும்.

இனி பெட்ரோல் கலவை. அதிக மெஷின்கள் சாவது இதில்தான். இந்த மலிவு மெஷின்களுக்கு 25-க்கு 1, அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மி.லி. 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்). பெரிய நிறுவன மெஷின்களில் 50-க்கு 1, லிட்டருக்கு 20 மி.லி. போதும் என்பார்கள். அந்தக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். இந்த இன்ஜின்களின் பேரிங்கும் ரிங்கும் அவ்வளவு நுணுக்கமாகச் செய்தவை அல்ல. அளவுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசி சிரிஞ்ச் 20 மி.லி. ஒன்று வாங்கினால் இரண்டு முறை இழுத்து ஊற்றலாம். கலவையைத் தனி டப்பாவில் கலந்து நன்றாகக் குலுக்கிய பிறகே டேங்கில் ஊற்ற வேண்டும். டேங்கிலேயே பெட்ரோலை ஊற்றி மேலே ஆயிலை விட்டால் ஆயில் அடியில் தங்கிவிடும்.

ஆயில் பாட்டிலில் ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி (JASO FC, FD) என்ற தரக்குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். பைக்குக்கு ஊற்றும் 4டி (ஃபோர் ஸ்ட்ரோக்) ஆயில் ஆகாது, அது எரியாமல் கரியாகப் படியும். காசிமேடு, ராயபுரம் பக்கத்து வாசகர்களுக்கு இன்னொன்று: ஃபைபர் படகின் அவுட்போர்டு இன்ஜினுக்கு ஊற்றுகிற டிசி-டபிள்யூ3 ஆயிலும் 2டி ஆயில்தான் என்று இதில் ஊற்றிவிடாதீர்கள். படகு இன்ஜினைக் கடல் தண்ணீர் குளிர்விக்கிறது. செயின்சா இன்ஜினைக் காற்றுதான் குளிர்விக்கிறது, சூடு மிக அதிகம். அந்த ஆயில் இந்தச் சூட்டைத் தாங்காது.

பங்க்கில் இப்போது கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஈரம் கூடினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும், டேங்கின் அடியில் கிடக்கும் ஃபில்டர் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். கார்ப்ரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய டயாஃபிரம் சவ்வு, பெட்ரோல் குழாய், பிரைமர் குமிழ் (அமுக்கினால் பெட்ரோலை கார்ப்ரேட்டருக்கு இழுப்பது) எல்லாம் விறைத்தோ உப்பியோ போவதும் இதனால்தான். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் கலக்க வேண்டாம், டப்பாவில் தேதி எழுதி ஒட்டுங்கள், ஒரு மாதம் தாண்டியதை மெஷினில் ஊற்றாதீர்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் பிடிப்பது விதிக்கு விரோதம், ஆபத்தும்கூட. மூடி இறுகும் உலோக கேன் எடுத்துப் போங்கள். கலவையை அடுப்படியிலோ கேஸ் சிலிண்டர் பக்கத்திலோ பூஜை அறைப் பக்கத்திலோ வைக்காதீர்கள்.

இன்னொரு டேங்க் செயின் ஆயிலுக்கு. இது பெட்ரோலில் கலப்பதற்கு அல்ல. பிளேடின் தவாளிப்பில் ஓடும் செயினுக்குத் தானாகச் சொட்டுவது. பெட்ரோல் டேங்கை நிரப்பும்போதெல்லாம் இதையும் நிரப்புவது வழக்கமாக வேண்டும். ஒர்க்ஷாப்பில் வடித்த கழிவு ஆயிலை ஊற்றினால் காசு மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் உலோகத் துகள் இருக்கும். பம்பையும் பிளேடையும் தின்றுவிடும், தெறிக்கும்போது தோலுக்கும் ஆகாது. செயின் ஆயில் கிடைக்காவிட்டால் புது எஸ்ஏஇ 30 அல்லது 40 இன்ஜின் ஆயில் போதும். ஆயில் வருகிறதா என்று பார்க்க எளிய வழி, வெள்ளை அட்டை ஒன்றைத் தரையில் போட்டு, பிளேடு நுனியை அதற்கு ஒரு சாண் மேலே பிடித்து ஆக்சிலேட்டரைக் கொடுப்பது. சில நொடியில் அட்டையில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் முதலில் பிளேடில் உள்ள சின்ன எண்ணெய் ஓட்டையில் மரத்தூள் அடைத்திருக்கிறதா பாருங்கள். அதுவும் சுத்தமாக இருந்தால் கிளட்ச்சுக்குப் பின்னால் உள்ள பம்பின் பிளாஸ்டிக் பல் தேய்ந்திருக்கும். அதை மாற்றக் கிளட்ச்சைக் கழற்ற வேண்டும், அதன் மரை தலைகீழ்: கடிகாரச் சுற்றில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் மறுபக்கம் அழுத்தினால் இன்னும் இறுகும், கிராங்க் முனை முறியும்.

ஸ்டார்ட் செய்யும் முறை. மெஷினைத் தரையில் வையுங்கள், செயின் எதையும் தொடக் கூடாது, பிரேக் போட்டிருக்க வேண்டும். பின்கைப்பிடியின் வளையத்துக்குள் வலது ஷூவின் முனையை நுழைத்து மிதித்து, இடது கையால் முன்பிடியை அழுத்துங்கள். பிரைமர் குமிழை ஐந்தாறு முறை அமுக்கி, சோக்கை இழுத்து, கயிற்றைத் தடை தெரியும்வரை மெதுவாக இழுத்துப் பிறகு வேகமாக இழுக்க வேண்டும். கயிற்றை முழு நீளத்துக்கும் இழுத்தால் உள்ளே முடிச்சு அறுந்துவிடும். கைப்பிடியை விட்டுவிடாமல் கூடவே கொண்டுபோய் விட வேண்டும். 'புட்' என்று ஒருமுறை இருமியதும் சோக்கைத் தள்ளிவிட வேண்டும். இதைக் கவனிக்காமல் சோக்கிலேயே பத்துத் தடவை இழுப்பதால்தான் பிளக் நனைந்துபோகிறது. நனைந்துவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்து, ஆஃப் சுவிட்சைப் போட்டுவிட்டு, ஓட்டை வழியாக உள்ளே தேங்கியது வெளியேறும்வரை நாலைந்து முறை இழுத்துவிட்டு மாட்டுங்கள். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. மெஷினை ஒரு கையில் தொங்கவிட்டு மறுகையால் இழுத்து ஸ்டார்ட் செய்வது சாமர்த்தியம் போலத் தெரியும். அப்போது பிளேடு ஆடுவது உங்கள் தொடைக்கு நேரே.

ஓடத் தொடங்கியதும் ஆக்சிலேட்டரை விட்டால் செயின் நிற்க வேண்டும். நிற்காமல் ஊர்ந்தால் கார்ப்ரேட்டர் பக்கம் டி (T) என்று குறித்த திருகை இடப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். அப்படியும் நிற்காவிட்டால் கிளட்ச் ஸ்பிரிங் போயிருக்கிறது, மாற்றாமல் ஓட்டக் கூடாது. எச் (H) என்ற திருகை மட்டும் வேகம் கூட்டுவதற்காக உள்ளே முறுக்காதீர்கள். சத்தம் கூர்மையாகும், வேகம் கூடியது போலத் தெரியும், உண்மையில் பெட்ரோலும் ஆயிலும் குறைகிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்: காப்பித்தூள் நிறம் நல்லது, வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, கருத்து ஈரமாக இருந்தால் அதிகம்.

இனி சாணை. பத்து மெஷினில் எட்டு மெஷினின் குறை இன்ஜினில் இல்லை, செயின் மழுங்கியதில்தான் இருக்கும். கூரான செயின் சீவல் சீவலாகத் தள்ளும், மெஷினின் எடையிலேயே மரத்துக்குள் இறங்கும். மழுங்கியது மாவு மாதிரித் தூள் விடும். நாம் அழுத்த வேண்டியிருக்கும், ஆயில் சொட்டும்போதும் மரம் புகையும். 0.325 பிட்சுக்கு 4.8 மி.மீ. உருண்டை அரம். பல்லின் மேல்விளிம்பில் கோடு பொறித்திருக்கும், அதற்கு இணையாக 30 டிகிரியில், உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ள வேண்டும். இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். அரத்தின் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்மட்டத்துக்கு மேலே தெரிய வேண்டும். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை: மூன்று என்றால் எல்லாவற்றுக்கும் மூன்று. ஒரு பக்கப் பல் குட்டையாகிவிட்டால் வெட்டு நேராக இறங்காமல் ஒரு பக்கமாக வளைந்துபோகும். பல்லுக்கு முன்னால் நிற்கும் சின்ன மேட்டைத் தட்டை அரத்தால் குறைப்பது சில சாணைக்கு ஒருமுறைதான். பல்லுக்கும் மேட்டுக்கும் வித்தியாசம் 0.65 மி.மீ. இருந்தால் போதும். "நல்லாப் பிடிக்கட்டும்" என்று அதிகம் குறைத்தால் செயின் மரத்தைக் கவ்வி மெஷினை உதறும். சாணை பிடிக்கும் ஒவ்வொரு முறையும் பிளேடைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள், இருபக்கமும் சமமாகத் தேயும்.

நம் பகுதி மரங்களில் சாணை சீக்கிரம் போவதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. வெள்ளத்தில் கிடந்த மரத்தின் பட்டையில் சேறும் மணலும் ஒட்டியிருக்கும். கம்பித் தூரிகையால் தேய்க்காமல் அறுத்தால் ஒரே துண்டில் செயின் மழுங்கும். வாசல் மரம் என்றால் விளம்பரப் பலகை அடித்த ஆணி, கேபிள்காரர் சுற்றிய கம்பி, துணிக்கொடிக் கொக்கி என்று ஏதாவது ஒன்று பட்டைக்குள் புதைந்திருக்கும். பட்டை புடைத்த இடத்தையும் துருக்கறை வழிந்த இடத்தையும் விட்டுத் தள்ளி அறுங்கள். தென்னை இன்னொரு சோதனை. அதன் வெளிப்புறம் கெட்டி, உள்ளே நார். நார் நூல் நூலாக இழுபட்டுப் பக்கவாட்டு மூடிக்குள் பஞ்சாக அடைத்துக்கொள்ளும்; எண்ணெய் ஓட்டையும் அதோடு அடையும். நாலைந்து வெட்டுக்கு ஒருமுறை இன்ஜினை நிறுத்தி, மூடியைத் திறந்து, குச்சியால் நாரை எடுத்துவிட வேண்டும்.

முருங்கைக்குச் செயின்சாவே தேவையில்லை, கைரம்பம் போதும். அது எதிர்பாராமல் முறியும் மரம், அடியில் நிற்கக் கூடாது. வேம்பும் புங்கனும் அறுக்கச் சுகமானவை. தூங்குமூஞ்சிக் கிளை அகலமாகப் பரந்து கனமாகத் தொங்குவது, அதன் பெரிய கிளையை வீட்டு வேலையாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

அறுக்கும்போது தெரிந்திருக்க வேண்டிய முதல் விஷயம் பிளேடு நுனி. நுனியின் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால், செயினின் ஓட்டம் பிளேடை மேலே தூக்கி உங்கள் முகத்துக்கு எறியும். கண் இமைப்பதற்குள் நடந்துவிடும், சுதாரிக்க நேரம் இருக்காது. இடது கையின் கட்டைவிரல் முன்பிடியைச் சுற்றி அடியில் இருக்க வேண்டும், மற்ற விரல்களோடு சேர்த்து மேலே வைக்கக் கூடாது. இடது முழங்கை மடங்காமல் இருக்கட்டும். முகமும் கழுத்தும் பிளேடின் நேர்கோட்டில் இல்லாமல் சற்று இடப்பக்கம் ஒதுங்கியிருக்கட்டும். ஒற்றைக் கையால் பிடித்து, மறுகையால் கிளையை இழுத்துப் பிடித்தபடி அறுக்கும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. விரல் போவது அதில்தான்.

கிடக்கும் மரத்தின் கனம் எந்தப் பக்கம் அழுத்துகிறது என்று பார்த்த பிறகே வெட்டைத் தொடங்குங்கள். இரண்டு முனையும் தாங்கி நடுவில் தொங்கும் மரம், மேலிருந்து அறுத்தால் வாயை மூடிப் பிளேடைக் கவ்விக்கொள்ளும். மேலே மூன்றில் ஒரு பங்கு மட்டும் அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து அறுக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை அந்தரத்தில் இருந்தால் இதற்கு நேர்மாறு: கீழே கொஞ்சம், பிறகு மேலிருந்து. பிளேடு சிக்கிவிட்டால் இன்ஜினை நிறுத்திவிட்டு வெட்டின் வாயில் மர ஆப்பு அடித்து விரித்து எடுங்கள். ஓடும் மெஷினைப் பிடித்து இழுக்க வேண்டாம். மரத்தில் நிற்கும் கிளையைக் கழிக்கும்போது, கீழ்ப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் பட்டை உரியாமல் விழும். மிச்சக் குச்சியைக் கிளை தொடங்கும் இடத்தில் உள்ள வீங்கிய வளையத்தை ஒட்டி, வளையத்தைச் சேதப்படுத்தாமல் எடுத்தால் மரம் தானே காயத்தை மூடிக்கொள்ளும்.

புயலில் வேரோடு சாய்ந்த மரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அடிமரத்தை அறுத்ததும், மேல் பாரம் நீங்கிய வேர்த்தட்டு மண்ணோடு சேர்ந்து மறுபடி நிமிர்ந்து குழிக்குள் விழும். அந்தக் குழிக்குள் யாரும், குறிப்பாகச் சிறுபிள்ளைகள், இல்லை என்று பார்த்த பிறகே அறுக்க வேண்டும். சுவருக்கும் மரத்துக்கும் நடுவே வளைந்து மாட்டிய கிளை, அறுத்த நொடியில் சவுக்குப் போலச் சீறும். அதன் வளைவின் உட்பக்கம் நின்று, கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து இறுக்கத்தைக் குறைக்க வேண்டும்.

மின்கம்பி தொடும் கிளையையோ, கம்பியை இழுத்துக்கொண்டு விழுந்த மரத்தையோ மெஷினோடு நெருங்கவே கூடாது. தெருவில் கரண்ட் இல்லை என்பதை நம்பி இறங்காதீர்கள். பக்கத்து வீட்டு ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ அதே கம்பியில் பாயலாம். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-க்குச் சொல்லி, ஈபி ஆட்கள் வந்து இணைப்பைத் துண்டித்த பிறகே வேலை. தெருவோரம் நிற்கும் மரம் உங்கள் வாசலை மறைத்தாலும் அது மாநகராட்சியின் மரம், 1913-க்குப் புகார் கொடுங்கள். சொந்தக் காம்பவுண்டுக்குள் இருப்பதை முழுதாக வெட்டுவதென்றாலும் மண்டல அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செய்வதே நல்லது.

உடை விஷயத்தில் சமரசம் வேண்டாம். லுங்கி, தோள் துண்டு, ரப்பர் செருப்பு மூன்றும் கூடாது. செயின் துணியைப் பிடித்தால் காலையும் சேர்த்து இழுக்கும். கெட்டியான ஜீன்ஸ், முனையில் இரும்பு வைத்த சேஃப்டி ஷூ, கண்ணாடி, காதடைப்பு. சேஃப்டி ஷூ முந்நூறு நானூறு ரூபாயில் தொடங்கிப் பாரிமுனைக் கடைகளில் கிடைக்கிறது. ஜீன்ஸ் செயினைத் தடுக்காது, சிராய்ப்பைத்தான் தடுக்கும்; தொடைக்கென்று நார் அடுக்கு வைத்த காப்புத் துணி விற்கிறது, மெஷின் விலையில் பாதி ஆனாலும் வாங்குங்கள். சத்தம் 100 டெசிபலைத் தாண்டும், காதடைப்பு இல்லாமல் இருந்தால் மாலை வரை காதில் ரீங்காரம் கேட்கும். மலிவு மெஷினில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் மோசம், அதனால் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்திக் கைக்கு ஓய்வு கொடுங்கள். கார் நிறுத்தும் மூடிய இடத்திலோ இரண்டு வீட்டுக்கு நடுவே உள்ள சந்திலோ ஓட்டினால் புகை தேங்கும், தலைசுற்றல் வந்தால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். தனியாக அறுக்காதீர்கள். கூட ஒருவர் இருக்கட்டும், இரண்டு ஆள் நீளம் தள்ளி நிற்கட்டும்.

வேலை முடிந்து சில வாரம் எடுக்கப் போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, பிறகு ஸ்டார்ட் செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கார்ப்ரேட்டருக்குள் எத்தனால் பெட்ரோல் தங்கக் கூடாது. ஏர் ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு வாசகர்கள் செயினைக் கழற்றி ஒரு தட்டில் ஆயிலில் ஊறவைத்துவிடுங்கள். உப்புக் காற்றில் இணைப்புகள் துருப்பிடித்து மடங்காமல் நின்றுவிடும். மழைக்காலம் தொடங்கும் முன் ஒருமுறை எடுத்து ஓட்டிப் பாருங்கள். புயல் அறிவித்த பிறகு மெக்கானிக் கடைக்குக் கொண்டுபோனால் யாருக்கும் நேரம் இருக்காது.

விற்கிற கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு தமிழ்த் தாள் அச்சடித்துப் பெட்டியில் போடுங்கள்: லிட்டருக்கு 40 மி.லி., செயின் மாட்டும் திசை, பிரேக் சோதனை, ஏணியில் ஏறக் கூடாது. வாங்குபவர் கண்ணெதிரே பிரேக்கை ஒருமுறை தட்டிக் காட்டுங்கள், இரண்டு நிமிடம்தான் ஆகும். மாநகராட்சிக்கு ஒன்று: வியாசர்பாடி, கொடுங்கையூர், கொருக்குப்பேட்டைத் தெருக்களில் கழித்த கிளைகள் மழைநீர் வடிகால் வாயின் மேலேயே நாள்கணக்கில் குவிந்து கிடக்கின்றன. பருவமழைக்கு முன்பு ஒவ்வொரு வார்டிலும் கிளைகளை எடுத்துப் போக ஒரு நாளை முன்கூட்டியே அறிவித்தால், மக்கள் அந்த நாளுக்கு முன்தினம் அறுத்து வாசலில் அடுக்கி வைத்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
சிறு இன்ஜின் பழுது பார்ப்பவர்,
எருக்கஞ்சேரி, சென்னை.